நாற்பத்தொன்றாம் குழாய்

கொதிநீரில் ஒரு மணி நேரம்.
எடுத்துப் பனிக்கட்டியில் நிறுத்தினால்
ஒவ்வொரு குழாயிலும் ஒரு ரோஸ் நிறம்.
சிலது பன்னீர் சோடா.
சிலது வெள்ளைச் சட்டையில் துவைத்தும் போகாத வெற்றிலைக் கறை.
நாற்பத்தொன்று மட்டும்
பீட்ரூட் வெந்த தண்ணீர்.

உயிரணுத் தோலின் கொழுப்பு
ஆக்சிஜன் பட்டு எவ்வளவு கெட்டதென்று
ஐந்நூற்று முப்பத்திரண்டு நானோமீட்டர் வெளிச்சம்
எண்ணாகச் சொல்லும்.
யாரால் என்று சொல்லாது.

படிவம் சொல்கிறது:
தேசிங்கு, 47, காசிமேடு, நாக்கு.
‘மது’ என்ற கட்டத்தில்
‘விட்டாச்சு’ என்று எழுதியிருக்கிறது.
மனைவியின் கையாக இருக்கும்.
‘ச்’சின் புள்ளி
தாளைத் துளைத்திருக்கிறது.

நேற்று அவரே வந்து ஆய்வகச் சன்னலில் நின்றார்.
கதிர் பத்தொன்பது முடிந்து, பாக்கி பதினாலு.
கழுத்து கருத்து, வாய் முழுக்கப் புண்.
“என் ரத்தம் இன்னா சொல்லுச்சு மேடம்?”
முடிவைச் சொல்லக் கூடாது என்பது விதி.
வாய் கொப்பளித்த மருந்து வாசனைக்கு அடியில்
இன்னொரு வாசனை.
மணி பன்னிரண்டரை. கடை திறந்து அரை மணிதான் ஆகிறது.

எனக்குத் தெரிந்தது இவ்வளவு:
கட்டி தானாகவே ஒரு தீ.
கதிர், டாக்டர் தெரிந்தே மூட்டுகிற தீ.
குவார்ட்டரைப் பிரித்துப் போடும் கல்லீரல்
தெறிக்கவிடுகிற பொறி மூன்றாவது.
அணைக்க உடம்பிடம் இருப்பது
மூன்று தெருவுக்கு ஒரு மெட்ரோ லாரித் தண்ணீர்.
கல்லீரல்தான் முதல் ஆளாய்க்
குடத்தோடு ஓடுகிறது.
தண்ணி என்ற ஒரே சொல்லை
இந்த ஊர் ஏன் இரண்டுக்கும் வைத்ததோ.

ஆனால் அந்தச் சிவப்பில்
எந்தத் தீயின் பங்கு எவ்வளவு?
என் கருவி பிரிக்காது.
மொத்தப் பழியையும் பாட்டில் மேல் போட்டு எழுத
எனக்கும் கை வரவில்லை.

அவரே பேசினார்.
விசைப்படகின் அடிவயிற்றைச் சுரண்டுகிற வேலையாம், இருபத்தாறு வருசம்.
“துருவ எடுக்காம ரெட் ஆக்சைடு அடிச்சா
உள்ளுக்குள்ளயே ஓடும் மேடம்.
வெளியில பளபளன்னு இருக்கும்,
சுத்தியால ஒரு தட்டு, பொத்துனு வுயும்.
தெரியாமலா குடிக்கிறேன்?
சோறு எறங்கல. இது எறங்குது.
மொதல்ல எரியும், அப்பால எரியாது.
அந்த அப்பாலுக்குத்தான்.”

வலி மருந்துக்குத் தனிப் பிரிவு இருக்கிறது,
இரண்டாம் மாடி, லிப்ட்டுக்கு இடப்பக்கம்.
ஐந்து வாரமாக யாரும் அவருக்குச் சொல்லவில்லை.
அவரும் கேட்கவில்லை.
கேட்டால் வாசனை தெரிந்துவிடுமே.

கையுறையைக் கழற்றிவிட்டு
இரண்டு மாடி கூடவே ஏறினேன்.
லிப்ட் வேலை செய்யவில்லை.
படியில் மூன்று முறை நின்றார்.
மூன்று முறையும்
மூச்சை வேறு பக்கம் திருப்பி விட்டார்.

திரும்பி வந்து
நாற்பத்தொன்றைத் தொட்டியில் ஊற்றினேன்.
பீங்கானில் கொஞ்ச நேரம் நின்று, போனது.
‘விட்டாச்சு’வை நான் திருத்தவில்லை.
அடுத்த மாத ரத்தத்துக்கு
அதே எண் எழுதி
ஒரு காலிக் குழாயை
ரேக்கில் செருகி வைத்தேன்.