பொட்டலம் கட்டிய புழு

பதினேழாம் மட்டையை வெட்டிச் சாய்க்கிறார்
பெரியநாயகம்.
நான் குந்தி எண்ணுகிறேன்.

சுண்டுவிரல் நகத்தளவு பை.
செம்பனை ஓலையை நறுக்கி
எச்சில் நூலால் தைத்தது.
உலாட் புங்குஸ் என்பாள் ஐனி,
என்னோடு எண்ணுபவள்.

ஆணுக்குக் கண்ணாடிச் சிறகு,
கறுத்த உடம்பு,
இரண்டு நாள்.
தின்ன நேரமும் இல்லை, வாயும் இல்லை.

பெண்ணுக்குச் சிறகே கிடையாது.
கால்கூட.
பையின் ஓட்டைக்கு அவன்தான் வரவேண்டும்.
உள்ளேயே இருநூறு முட்டை;
அப்புறம் சுருங்கி
கஞ்சிப் பருக்கைபோலக் கீழே விழும்.
ஒருதரம் என் மணிக்கட்டில் விழுந்தது.
உதறிவிட்டேன்.

குஞ்சுகள் நூல்விட்டுத் தொங்கும்.
காற்றடித்தால் அடுத்த நிரை,
இல்லாவிட்டால் ஐனியின் தொப்பி.

மட்டைக்குப் பத்தைத் தாண்டினால்
அடிமரத்தைத் துளைத்து மருந்து ஏற்றுவார்கள்.
இன்று நாற்பத்து மூன்று.
கிராணி கேட்ட தாளில்
உயிரோடு, செத்தது
என்று இரண்டே கட்டம்.
ஆணா பெண்ணா என்று
யாரும் கேட்கவில்லை.

பொழுது சாய,
ஊத்தான் மெலிந்தாங் சடக்கில்
பெட்ரோல் நிலையத்து விளக்குக்குக் கீழே
கறுப்பாக ஏதோ ஒன்று
ஐனியின் மோட்டார் கண்ணாடியில்
மோதி, எழுந்து, போனது.

நாற்பத்து நான்கு, என்றாள் அவள்
வண்டியை நிறுத்தாமல்.