லிஃப்ட்டில் போட்ட காசு

திபிலீசியில் எங்கள் லிஃப்ட்
காசு விழுந்தால்தான் நகரும்.
ஏழாம் மாடி, மூன்று மாத வாடகை.

சாவி தருமுன் லாமாரா
எல்லாவற்றையும் படமெடுத்தாள்:
கீறல் விழுந்த மேசை, காதறுந்த வாணலி,
யாரோ விட்டுப்போன ஒற்றைக் காலுறை.
பிறகு ஒரு தட்டில் சில்லறை வைத்து
"இது கணக்கில் சேராது" என்றாள்.

தபால்பெட்டியில் ஒரு துருக்கியன் பெயர்,
அதன்மேல் பாதி உரிந்த ஒரு போலந்துக்காரி.
அவர்கள் பெயருக்கு வந்த கேஸ் பில்லை
நான் கட்டினேன்.

பிப்ரவரி முடிவில் படங்களோடு வந்தாள்.
மேசை சரி. வாணலி சரி.
காலுறையைத் துவைத்திருந்தேன்; அடையாளம் தெரியாமல்
திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

தட்டை நிரப்பிவிட்டு,
பெட்டி கனத்ததால் லிஃப்ட்டில் நின்று
பாக்கெட்டைத் துழாவுகிறேன்,
அதுவோ இறங்கத் தொடங்கிவிட்டது.

இறங்குவதற்குக் காசு வேண்டாமாம்.
தொண்ணூறு நாள் படியிறங்கினேனே, மடையன்.