பத்துக்கு எட்டு

அஜ்மானில் அந்த அறைக்கு நாலு பெயர்.
தனியாள் கேட்டால் ஸ்டுடியோ என்பார் வகார் பாய்,
பிள்ளை படிக்கிற வீட்டுக்கு ஸ்டடி,
பணம் உள்ளவர்களுக்கு மெய்டு ரூம்.
மாமனாருக்கு என்றேன் நான்.
தாடியைத் தடவி யோசித்துவிட்டு
"அப்பாஜி ரூம்" என்றார்.
ஜன்னல் எங்கே?
எக்ஸாஸ்ட் ஃபேனைக் காட்டினார்.

ஒன்பது சனிக்கிழமைகள்.
நுஐமியாவில் வாடகை கட்டுப்படியானது,
நாலாம் மாடிக்கு மாமாவின் முட்டி கட்டுப்படவில்லை.
ராஷிதியாவில் லிஃப்ட் இருந்தது.
வாடகை அதில் ஏறி
எங்களுக்கு முன்னால் போய்விட்டிருந்தது.
ஹாலை ஜிப்சம் போர்டால் இரண்டாக்கலாம்,
பலதியா வந்தால் அலமாரி என்று சொல்லுங்கள்
என்றார் ஒரு மேஸ்திரி.
அலமாரி இருமினால்?
அதற்கும் பதில் வைத்திருந்தார்.

ஜாபிர் எக்செல்லில் எழுதினான்:
துபாய் பஸ், நாலு செக், விசா, இன்சுலின்.
கடைசிக் கட்டம் எப்படிப் போட்டாலும் சிவப்பு.
"பெரிய வீடு கெடச்சா பெரிய மனசு வந்துரும்"
"பெரிய சம்பளம் வந்தா ரெண்டும் வரும்"
அன்றிரவு பேசிக்கொள்ளவில்லை.
ஒற்றை அறையில் அது அவ்வளவு லேசில்லை.

எந்தக் கட்டத்திலும் நான் எழுதாதது ஒன்று:
என் அடுப்புக்கும் அவர் கதவுக்கும் நடுவே
எத்தனை அடி இருந்தால்
நான் நல்ல மருமகளாக இருப்பேன் என்பது.

முஷைரிஃபில் பழைய வில்லாவின் பின்கட்டு.
உம்மு கல்ஃபான் சாவிக்கொத்தோடு வந்தார்.
பாதி இந்தி, பாதி அரபி, மிச்சம் கை.
முன்னால் இரண்டு அறை, சமையலறை.
முற்றம் தாண்டி
எலுமிச்சைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் இடையே
தனியாய் ஒரு முல்ஹக்.
டேப்பை இழுத்தேன். பத்துக்கு எட்டு.
"என் மாமியாருக்காகக் கட்டியது.
ஒருநாள்கூட இதில் படுக்கவில்லை.
மஜ்லிஸில் படுத்துக்கொண்டு
பதினேழு வருஷம் எனக்குச் சமையல் சொல்லிக்கொடுத்தார்."
சிரித்தார்.
நானும் சிரித்தேன், வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாக.
வாடகையில் இரண்டாயிரம் குறைந்தது
அந்தச் சிரிப்பில்தான்.
ஜாபிர் தன் பேரத்தில் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்,
இருக்கட்டும்.

மாமா செய்யது மீரான் இந்தப் பக்கத்துக்குப் புதியவர் இல்லை.
தேராவில் இருபத்தாறு வருஷம்,
அறைக்குப் பதினொரு பேர்,
இரும்புக் கட்டிலின் மேல்தட்டு.
போனபோது நடந்து போன விமான நிலையத்தில்
சக்கர நாற்காலியில் வந்து இறங்கினார்.
முன்னறையைக் காட்டினோம்.
புது மெத்தை, புது ஏசி, ரிமோட்டின் பிளாஸ்டிக்கூடப் பிரிக்கவில்லை.
"இது பிள்ளைகளுக்கு" என்று
முற்றத்தில் இறங்கிவிட்டார்.
முல்ஹக் சுவரை விரல்முட்டியால் தட்டினார்.
ஜிப்சம் இல்லை, கல்.
கதவைச் சாத்தினார், திறந்தார், தடவிப் பார்த்தார்.
"உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லையேம்மா."

கரப்பான் கேட்டேன், கரண்ட் கேட்டேன்,
பார்க்கிங், பள்ளிவாசல், பஸ் ஸ்டாப் கேட்டேன்.
ஒன்பது சனிக்கிழமையில்
இது எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் பதினாலு திர்ஹம்,
ஸ்க்ரூ நாலும் இனாம்.
நானே பொருத்தினேன். சற்றே கோணல்.

இப்போது முற்றத்தில் நிற்கிறேன்,
கையில் சோறும் நெய்மீன் ஆணமும்.
உள்ளே தாழ் விழும் சத்தம்.
எடுக்கும் சத்தம்.
மறுபடி விழும் சத்தம்.
ஆணம் ஆறுகிறது.
கதவைத் தட்டலாம்தான்.
இன்னொரு தரம்
போட்டுப் பார்க்கட்டும்.