நூற்றுப் பதினான்கு சொடுக்கு

முப்பத்தைந்து சதவீதத்தில் நின்றது.
சோறு வடித்துவிட்டு வந்து பார்த்தேன்,
முப்பத்தைந்து.
பிறகு நீலத் திரையில் வெள்ளை எழுத்து:
முடியவில்லை, செய்த மாற்றங்களைத் திரும்ப எடுக்கிறோம்,
கணினியை அணைக்க வேண்டாம்.
அணைப்பதும் எரிப்பதும் என் கையிலா இருக்கிறது,
கேத்தி பாலாடாவில், ஆனி மாதக் காற்றில்?

குன்னூரில் மூடிப்போன பிரவுசிங் சென்டரில்
மூவாயிரத்து ஐந்நூறுக்கு வாங்கியது.
கேரட் கழுவும் மெஷினில் மூட்டைக் கணக்கு எனக்கு.
நோட்டை ஈரம் தின்கிறது, கம்ப்யூட்டரில் ஏற்று என்றார் முதலாளி.
ஏற்றக் கற்றுக்கொண்டேன். பில் எடுக்கக் கற்றுக்கொண்டேன்.
இது முறைத்துக்கொண்டால் என்ன செய்வதென்று
கற்றுக்கொள்ளவில்லை.

பிழை எண்ணை மூட்டைச் சீட்டின் முதுகில் குறித்தேன்:
எட்டு, சைபர், சைபர், ஏழு, இரண்டு, எஃப், எட்டு, எஃப்.
வெளிமாநில லாரி நம்பர் மாதிரி இருந்தது.

இடம் போதவில்லையோ என்று
கொழுந்தன் கல்யாண போட்டோவில் பாதியை அழித்தேன்.
அவனுக்கு இன்னும் தெரியாது.
சிக்னல் இல்லையோ என்று டாங்கிலை
ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன்,
மேகம் வந்து நக்கிவிட்டுப் போனது.
ஒருமுறை, சும்மா, தட்டிப் பார்த்தேன்,
தண்ணி வராத குழாயைத் தட்டுவதுபோல.
முப்பத்தைந்து.

கண்டுபிடித்தது நானில்லை.
மேட்டுப்பாளையம் மண்டியிலிருந்து டிரைவர் போஜன்
பில்லைத் திருப்பிக்கொண்டு வந்தான்.
"அக்கா, ஒன்பது வருசத்துக்கு முந்தின கேரட்டை
எவன் வாங்குவான்?"
பில்லின் தலையில் ஜனவரி ஒன்று, இரண்டாயிரத்து ஒன்பது.

அப்போதுதான் திரையின் மூலையைப் பார்த்தேன்.
கரண்டு போய் வரும்போதெல்லாம்
அந்த ஜனவரி ஒன்றுக்கே போய் உட்கார்ந்திருக்கிறது.
அங்கே இருந்துகொண்டு
இன்றைக்கு வந்த புதுசைக் கேட்டால் யார் கொடுப்பார்கள்?
நாள் தப்பு, சீட்டு செல்லாது என்று
அந்தப் பக்கம் யாரோ சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்,
எட்டு சைபர் சைபர் ஏழு என்கிற பாஷையில்.

தேதிப் பெட்டியைத் திறந்தேன். மாதத்துக்கு ஒரு சொடுக்கு.
ஆண்டைத் தொட்டால் தாவலாம் என்பது பிறகு தெரிந்தது.
அன்றைக்கு ஒவ்வொன்றாகத்தான் போனேன்.
பிப்ரவரி. மார்ச்.
மகன் ஒன்றாவதில் சேர்ந்து அழுத ஜூன்.
பத்தாவது சொடுக்கில் நவம்பர்.

அந்த நவம்பரை இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம்.
விடாத மழை. ஒரு விடியலில்
மேல் மண் கீழே வந்தது, ரோசலின் வீட்டோடு.
திரையில் அது முப்பது கட்டம்,
எதற்கும் வேறு நிறமில்லை.
விரல் கொஞ்சம் நின்றது.
இந்த ஊரில் கரண்டு போய் வந்த ஒவ்வொரு முறையும்
பெட்டிக்குள் அவள்
பீன்ஸுக்குக் குச்சி ஊன்றிக்கொண்டிருந்திருக்கிறாள்.
டிசம்பர், என்று அழுத்தினேன்.

நூற்றுப் பதினான்காவதில் இந்த ஜூலை.
மூட்டை எண்ணும் பழக்கம், தன்னால் எண்ணிவிட்டேன்.

மறுநாள் கரண்டு போனது. மறுபடி ஜனவரி ஒன்று.

வாட்ச் கடை யூனுஸ் நிமிராமலே சொன்னார்:
உள்ளே ஒரு செல் செத்திருக்கும், காசு மாதிரி வட்டமாக.
முப்பது ரூபாய்.
மூடியைக் காய்வெட்டும் கத்தியால் நெம்பினேன்.
பஞ்சுபஞ்சாய்த் தூசி, ஒரு காய்ந்த பூரான்,
யாரோ பிரவுசிங் பையன் செருகிவைத்த சினிமா டிக்கெட்.
செல்லைக் கொண்டை ஊசியால் கிளப்பினேன்.
புதுசு 'டக்'கென்று உட்கார்ந்தது.

அன்று ராத்திரி முப்பத்தைந்து.
நான் மூச்சு விடவில்லை.
முப்பத்தாறு.
எழுபதுக்குப் போனபோது தூங்கிவிட்டேன்,
காலையில் ஒன்றுமே நடக்காததுபோல்
முகப்புத் திரையில் ஒரு கடற்கரை.

செத்த செல்லை எங்கே போடுவதென்று தெரியாமல்
சில்லறைப் பர்ஸில் போட்டு மறந்தேன்.
வெள்ளிக்கிழமை மினிபஸ்ஸில் கண்டக்டர்
உள்ளங்கையை விளக்கருகே நீட்டிப் பார்த்தார்.
"இது செல்லாதும்மா."
தெரியும், என்று வாங்கி
மறுபடி உள்ளே போட்டுக்கொண்டேன்.