ஐந்து எண்ணும்வரை

சுங்கை டுவா, எட்டாம் மாடி.
இரவு வேலை முடிந்து வந்து
காலை எட்டரைக்கு
நடுக்கூடத்தில் பாயை விரிக்கிறேன்.
படுத்தால் தூக்கம் வரும்.
முதல் ஆபத்து அதுதான்.

முழங்காலை மடக்கு.
பாதங்கள் இடுப்பகலம்.
கையை நீட்டினால் குதிகால் விரல்நுனியில் தட்டவேண்டும்.
சொன்னவள் ஹஸ்னிதா,
பெரிய ஆஸ்பத்திரியின் மூன்றாம் எண் அறையில்.
இடுப்புவலி என்றுதான் போயிருந்தேன்.
குப்புறப் படுக்கவைத்து
இரண்டு விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு
"காக், இங்கே யாரும் வேலைக்கு வருவதில்லை" என்றாள் மலாயில்.
பன்னிரண்டு மணி நேரம்
நுண்ணோக்கிக்குக் கீழே சில்லுகளைத் திருப்புகிறவள் நான்.
என் நாற்காலியைக் கேட்டிருந்தால்
அதுவே சொல்லியிருக்கும்.

அவள் கூசாமல் புங்குங் என்றாள்.
தாளில் குறித்துக்கொள்ள எனக்குத்தான் சொல் கிடைக்கவில்லை.
பிட்டம் என்றால் யாரோ மேடையில் பேசுவதுபோல் இருக்கிறது.
பின்புறம் என்றால் வீட்டின் பின்புறம்.
அம்மா திட்டும்போது சொன்னதுதான் மிச்சம்.
எழுதிவிட்டேன்:
குண்டி. பத்துத் தடவை. மூன்று சுற்று.
ஐஸ்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறேன்.
மாமியார் வருகிற அன்று கழற்ற வேண்டும்.

இறுக்கு. பிறகு தூக்கு.
தோளிலிருந்து முழங்கால்வரை ஒரே சரிவு,
முதுகு வில்லாக வேண்டாம்,
குதிகால் தரையை மிதிக்கட்டும்.

எங்கே இறுக்குவது,
இருப்பதே தெரியாத ஒன்றை?
நாற்பத்திரண்டு வருடம்
அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறேன்.
முதல் வாரம் முழுக்கத் தொடைதான் உழைத்தது.
கல்யாண வீட்டில்
ஓடுகிறவளே ஓடிக்கொண்டிருக்க
உட்கார்ந்தவள் எழுந்திருக்கமாட்டாளே, அப்படி.
நாலாம் நாள் பின்தொடை சுருட்டிப் பிடித்து
நான் போட்ட சத்தத்தில்
எதிர்வீட்டு ஆ சோ கதவைத் தட்டினாள்.

மேலே போனதும் ஐந்து எண்ணவேண்டும்.
சத்து, டுவா, தீகா என்றால் சட்டென்று முடிந்துவிடுகிறது.
தமிழில் ஒன்று என்பதற்குள்ளேயே
தொடை நடுங்கத் தொடங்குகிறது.
லீவு நாளில் தமிழ்.
மற்ற நாளில் மலாய்.
ஹஸ்னிதாவிடம் சொல்லவில்லை.

தர்வினேஷ் என்னைத் தாண்டி மைலோ கலக்கப் போகிறான்.
"இதுக்குப் பேர் என்னம்மா?"
"பாலமாம்."
சன்னலைப் பார்க்கிறான்.
அங்கே நிஜமானது
கடலில் கால் ஊன்றிக்கொண்டு
பிறை பக்கமாகப் போகிறது,
முதுகு முழுக்க மோட்டார்சைக்கிள்.
"அதுலயாவது டோல் வாங்குறாங்க" என்கிறான்.
சிரித்ததில் நான் மூன்றிலேயே விழுந்தேன்.
அது கணக்கில் சேராது.

ஒன்பதாம் நாள், ஏழாவது தூக்கலில்
வலது பக்கம்
எதுவோ ஒன்று பிடித்தது.
தூண்டிலில் சின்ன மீன் கடித்தால்
கயிற்றில் ஒரு வெட்டு வருமே, அவ்வளவுதான்.
அப்படியே நின்றேன்.
எண்ண மறந்துபோனேன்.
மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் தூசு,
இத்தனை நாள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.
கையால் தொட்டுப் பார்த்தேன்.
கல்லாக இருந்தது.
என்னுடையதுதான்.

இதை யாரிடம் சொல்வது?

அன்று இரவு மூன்று மணிக்கு
சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது
யாருக்கும் தெரியாமல்
ஒருமுறை இறுக்கினேன். வந்தது.
இன்னொருமுறை. வந்தது.
பின்னால் நின்ற மஹேஸ்வரி
"என்னா நீயா சிரிக்கிற?" என்றாள்.
ஒன்றுமில்லை என்று தட்டை நீட்டினேன்.

இடது இன்னும் தூங்குகிறது.