குடும்பப் பெயர்

திருத்துறைப்பூண்டி ரயிலடிக்கு எதிர்ச்சந்தில்
ஜெராக்ஸ் கடை நீலமேகம்
என் பாஸ்போர்ட்டைக் கண்ணாடியில் கவிழ்த்தபடி சொல்கிறார்:
"குடும்பப் பெயர் இடிக்குதே தம்பி."

நான் ககாரின் வைரக்கண்ணு.
அப்பா கட்சி மாநாட்டுக்குப் போயிருந்த வாரத்தில் பிறந்தவன்.
விண்வெளிக்குப் போனவன் பெயரை வைத்தார்.
நான் போனது வேதாரண்யம் வரைக்கும்.

அவள் கலைமதி மாசிலாமணி.
எங்கள் மகள் நிறைமொழி ககாரின்.
மூன்று பேர், மூன்று குடும்பப் பெயர்.
இது ஒரே குடும்பம்தானா என்று
கடல் தாண்டி ஒரு மேசை கேட்கிறது.

ஆஸ்பத்திரியில் அவளை
மாசிலாமணி என்றுதான் கூப்பிடுகிறார்களாம்.
டிராக்டர் ஓட்டும் என் மாமனார்
முறுக்கு மீசையோடு
அந்தக் குளிர் ஊரில்
இரவு டூட்டி பார்க்கிறார்,
கிழவிகளுக்கு ஊசி போடுகிறார்.

கல்யாணத்துக்குச் சாட்சி கேட்டார்கள்.
ஆல்பம் இருக்கிறது.
கஜா அடித்த ராத்திரி ஓடு பறந்து
பீரோவோடு நனைந்த ஆல்பம்.
பிரித்தால், தாலி கட்டும் என் கை
பந்தி இலையில் ஒட்டிக்கொண்டு
அடுத்த பக்கம் போகிறது.
அவள் முகம் இருந்த இடத்தில் ஊதாத் திட்டு.
அதையும் ஸ்கேன் செய்து
'ஆதாரம் எண் ஏழு' என்று எழுதினேன்.

எண் எட்டு, பேசிக்கொண்டதன் பட்டியல்.
சாப்பிட்டியா.
பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுச்சா.
பணம் ஏறிடுச்சு.
மார்ச்சில் பதினோரு நாள் வெறுமை.
என் தம்பிக்குக் கொடுத்த கடனுக்காகச் சண்டை.
நாங்கள் புருஷன் பெண்டாட்டி என்பதற்கு
அந்தப் பதினோரு நாளை விடக்
கெட்டியான அத்தாட்சி கிடையாது.
அதை எப்படிப் பிரிண்ட் எடுப்பது?

ரேஷன் அட்டையில் நான் குடும்பத் தலைவர்.
விண்ணப்பத்தில் 'சார்ந்திருப்பவர்'.
வாயில் போட்டு மென்று பார்த்தேன்.
கசப்பில்லை. லேசாக உப்பு,
எங்கள் தெரு போர்த் தண்ணீர் மாதிரி.
பழகிவிடும்.

சென்னைக்குப் போய் நெஞ்சைப் படம் எடுத்தோம்.
காசநோய் இல்லை என்றார்கள்.
வேறு எதையும் அவர்கள் தேடவில்லை.

கடையில் காயில் கருகிய மோட்டார்கள் வரிசையில்.
முள்ளியாற்றங்கரையில் நாற்று விட்டவர் கேட்கிறார்,
"தண்ணி வந்துடுமா ககாரின்?"
"மேட்டூர்ல தொறந்தாச்சு, வந்துக்கிட்டிருக்கு."
சொல்லி முடிக்கும்போது
ஏஜெண்டின் செய்தி: 'பரிசீலனையில் உள்ளது.'
அவரும் ஒருவேளை
கடைமடையைப் பார்த்திராதவர்.

அங்கே நிரந்தரமாவதற்கு ஐந்து வருஷம் என்றார்கள்,
இப்போது பத்தாகலாம் என்கிறார்கள்.
வருஷத்தில் எத்தனை நாள் வெளியே போகலாம் என்று
அவள் சமையலறைக் காலண்டரில் கோடு போடுகிறாள்.
மாமனார் படுத்தால் எத்தனை நாள்,
தங்கச்சி கல்யாணத்துக்கு எத்தனை நாள்.
இன்னும் நடக்காததற்கெல்லாம்
இப்போதே லீவு பிரித்து வைக்கிறாள்.

படிவத்தில் ஒரு கட்டம்: நிரந்தர முகவரி.
ஓடு பறந்து, தகரம் போட்டு, தகரமும் துருவேறிய
அந்த வீட்டின் கதவு எண்ணை எழுதினேன்.
கை நிற்கவில்லை.
எழுதிய பிறகுதான்
பேனாவைக் கொஞ்ச நேரம் மூடாமல் வைத்திருந்தேன்.

நேற்று ராத்திரி ஒரு படம் அனுப்பினாள்.
அவள் வாடகை வீட்டுத் தபால் பெட்டி.
மூன்று பெயரும் ஒரு சீட்டில் அடங்கவில்லையாம்,
இன்னொரு சீட்டைக் கிழித்து
கீழே ஒட்டுப்போட்டிருக்கிறாள்.
நிறைமொழி ககாரின் என்பதில்
கடைசி 'ன்' பெட்டியின் ஓரத்தில் மடங்கிக் கிடக்கிறது.

"இதையும் சேர்க்கணுமா?" என்கிறார் நீலமேகம்.
சேர்க்கணும்.
எண் ஒன்பது.

"கலரா, கறுப்பு வெள்ளையா?"