வந்த காரணம்

மோதிரம் வெட்டும் கருவி
அவசரப் பிரிவில் மூன்றாவது இழுப்பறையில் கிடக்கிறது.
டின் திறப்பான் மாதிரிதான், கொஞ்சம் சின்னது.
குளவி கொட்டிய விரல், கதவில் நசுங்கிய விரல்,
எட்டாம் மாதத்தில் உப்பிய விரல்:
மாதம் நாலைந்து வெட்டுகிறேன்.
தங்கம் சீக்கிரம் விட்டுக்கொடுத்துவிடும்.
டைட்டானியம்தான் வீம்பு பிடிக்கும்.
ஒருமுறை தீயணைப்புக்காரர்களைக் கூப்பிட்டோம்,
மாப்பிள்ளை மயங்கி விழுந்தான்.

கிடினியா துறைமுகத்தில் நவம்பர் மழை
படுத்துக்கொண்டு பெய்த ஒரு காலை
போகுமிலா வந்தாள். வயது அறுபத்தொன்று.
வலிக்கிறதா? இல்லை.
அடிபட்டதா? அதுவும் இல்லை.
படிவத்தில் ‘வந்த காரணம்’ என்ற கட்டத்தின் மேல்
என் பேனா நின்றுகொண்டிருந்தது.

"வியாழக்கிழமை அடக்கம் முடிந்தது.
மோதிரம் இன்னும் வலது கையிலேயே இருக்கிறது."

இந்த ஊரில் வேறு விளக்கம் வேண்டாம்.
கட்டிக்கொண்டவர்களுக்கு மோதிரம் வலது கையில்;
ஒருவர் போய்விட்டால்
மற்றவரின் மோதிரம் இடது கைக்கு இடம்பெயரும்.
கறுப்பு உடுப்பை மடித்து வைத்த பிறகும்
பேருந்தில் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு
கம்பியைப் பிடித்த கை சொல்லிவிடும்.

முப்பது வருடம் ஹெர்ரிங் மீன் அறுத்த கை.
கணு அக்ரூட் கொட்டையாய்த் திரண்டிருந்தது.
அதற்கு அந்தப் பக்கம் மோதிரம்,
கதவு ஊதிப்போன அறைக்குள்
மாட்டிக்கொண்டவரைப் போல.

வெட்டிவிடலாம், அப்புறம் பற்றவைத்துக்கொள்ளலாம் என்றேன்.
கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.
"உள்ளே தேதி இருக்கிறது. தப்பான தேதி.
பதினேழுக்கு ஒன்றை விட்டுவிட்டு
வெறும் ஏழு என்று செதுக்கிவிட்டான்.
மாற்றித் தரச் சொல்லலாம் என்றேன்.
பத்து நாள் லாபம்தானே, இருக்கட்டும் என்றார் விட்டோல்ட்."

கையைத் தூக்கி வைத்தோம். ஐஸ். சோப்பு.
அசையவில்லை.
கடைசியில் தையல் நூல்.
நுனியை மோதிரத்துக்கு அடியில் நுழைத்து
கணுவின் மேல் இடைவெளி விடாமல்
நெருக்கி நெருக்கிச் சுற்ற வேண்டும்.
விரல் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிடும், பயப்படக் கூடாது.
அடிப்பக்க நுனியைப் பிடித்து அவிழ்த்தால்
நூல் விட்ட இடத்துக்கு மோதிரம் ஏறும்.

"உனக்கு ஆகிவிட்டதா?"
நிச்சயம் ஆகியிருக்கிறது என்றேன்.
என் விரலைப் பார்த்தாள்.
வார்டில் மோதிரம் கூடாது; கல் கையுறையைக் கிழிக்கும்,
கிருமி தங்கும்.
சட்டைப்பை உள்ளே ஊக்கில் கோத்திருக்கிறேன்.
மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் வெளியே வரும்.
க்ஸாவெரி கப்பலில் எலக்ட்ரீஷியன்.
மின்சாரத்துக்கும் தங்கத்துக்கும் ஆகாது,
ஆளுக்கொன்று வாங்கி
ஆளுக்கொரு டப்பாவில் பூட்டவா என்பான்.
இரண்டு மாதமாய் இதுதான் சண்டை.

இரண்டு சுற்று பாக்கி இருந்தபோது
கண்ணை மூடிக்கொண்டாள்.
கழன்றது.
அடியில் வெள்ளையாய் ஒரு பள்ளம்,
சிறுகுழந்தையின் தோல் போல,
இத்தனை வருடமாய்
மீனும் உப்பும் தொடாத ஒரே இடம்.
இரண்டு பேரும் அதைப் பார்த்தோம்.
அவள்தான் முதலில் பார்வையைத் திருப்பினாள்.

இடது விரலில் லொடலொடத்தது.
ஒரு கை எப்போதும் கொஞ்சம் மெலிவு,
யாருக்கும் தெரிவதில்லை.
அதே நூலை மோதிரத்தின் அடிப்பக்கம்
ஏழெட்டுத் தடவை சுற்றி முடிச்சிட்டேன்.
கையை உதறிப் பார்த்தாள். விழவில்லை.
தலையசைத்துவிட்டுப் போனாள்.
குடையை மறந்து, திரும்பி வந்து,
அதை எந்தக் கையில் பிடிப்பது என்று
ஒரு கணம் நின்றாள்.

வந்த காரணம்: விரல் வீக்கம்.
பொய்தான். வேறு கட்டம் இல்லை.

சனிக்கிழமை க்ஸாவெரியை நகைக்கடைக்கு இழுத்துப்போனேன்.
சாதா மோதிரம், கல் வேண்டாம், மெல்லியது.
கடைக்காரர் என் வலது கையை அளந்தார். பதினைந்து.
இடதையும் பாருங்கள் என்றேன்.
க்ஸாவெரி என்னைத் திரும்பிப் பார்த்தான்.
கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை.
பதினான்கு.
இரண்டையும் ஒரே சீட்டில்
பென்சிலால் எழுதிக்கொடுத்தார்.